கற்பூரப் பொட்டலம்

செவ்வாய் இரவு, காஹாங்

இன்று ஓய்வு நாள். பெயர்தான் ஓய்வு. சாஆ ஊரிலிருந்து செம்பனைத் தோட்டங்கள் வழியே நடந்து வந்ததில் சேறான துணிகளைத் துவைப்பதிலேயே பகல் போய்விட்டது. குதிகாலில் கொப்புளம் உடைந்திருக்கிறது. போதும், நாளைக் காலை பஸ் ஏறி வீட்டுக்குப் போய்விடலாம் என்று முடிவு செய்திருந்தேன். கூட நடக்கும் மாலாவிடம் சொல்லவில்லை.

டோபிக் கடையில் துணி துவைக்க வந்த ஓர் அக்கா என் காலையே பார்த்தார்.

“எந்தக் கோயிலுக்கும்மா நேர்த்தி?”

லீவு போட்டுச் சும்மா நடக்கிறோம் என்று சொல்ல வாயெடுத்தேன். மாலா முந்திக்கொண்டாள். “மெர்சிங் வரைக்கும் போறோம்க்கா.”

அக்கா பக்கத்துக் கடைக்கு ஓடிக் கற்பூரம் வாங்கி வந்து என் கையில் வைத்தார். “மகளுக்கு வெள்ளிக்கிழமை ஆபரேஷன். அங்க கோயில்ல ஏத்திடுங்கம்மா. கார்ல போறவங்க நெறைய பேர் இருக்காங்க லா. நடந்து போறவங்க கையால ஏத்தணும்.”

அப்போதாவது உண்மையைச் சொல்லியிருக்கலாம். அதற்குள் அவர் என் காலைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டார்.

மாலா குறட்டை விடுகிறாள். எரிச்சலாக இருக்கிறது. அவள்மேலா, என்மேலா, தெரியவில்லை. ஈர ஷூவுக்குள் பழைய பேப்பரைத் திணித்து வைத்திருக்கிறேன். காலை நடைக்குள் காய்ந்துவிட வேண்டும்.