காருக்குள் புளித்த வாடை

லுக்குட்,
ஜூன் 9

அன்புள்ள லிண்டா அப்பாவுக்கு,

மாதாவின் தயவில் நானும் லிண்டாவும் நலம். அந்த மறுவாழ்வு இல்லத்துச் சாப்பாடும் ஜெபமும் உங்களைத் தேற்றிவருகின்றன என்று நினைக்கிறேன். அங்கே போன் தரமாட்டார்கள் என்பதால் எனக்கும் பேனா பிடிக்கும் பழக்கம் திரும்பிவிட்டது. சிகரெட்டையும் விட்டுவிட்டதாக எழுதியிருந்தீர்கள். சந்தோஷம். அதையே இல்லத்துப் பாதரும் ஒரு வரி எழுதினால் இன்னும் சந்தோஷப்படுவேன்.

லிண்டா சிரம்பானில் மருந்துக்கடை வேலைக்குப் போய்வருகிறாள். அவளை பஸ் ஏற்றிவிட்டு நான் பள்ளிக் கேன்டீனுக்குப் போகிறேன். இதற்கெல்லாம் நம் பழைய காரை விட்டால் வழியில்லை. அந்தக் கார்தான் இப்போது என் உயிரை வாங்குகிறது.

காலையில் சாவியைத் திருப்பினால் டிக்கென்று ஒரு சத்தம், அவ்வளவுதான். தள்ளி ஸ்டார்ட் பண்ணினால் இடது சிக்னல் பைத்தியம் பிடித்ததுபோல் மின்னுகிறது. புது பேட்டரி போட்டும் அதே கதை. பழையதைத் துடைத்து என் தலையில் கட்டிவிட்டானோ என்று கடைக்காரனிடம் திரும்பப் போனேன். அவன் என் கண் முன்னாலேயே மீட்டர் வைத்துக் காட்டினான். பேட்டரியில் குற்றமில்லை.

அப்படியென்றால் ராத்திரியில் யாரோ காரைத் தொடுகிறார்கள். மாற்றுச் சாவி யாரிடம் இருக்கிறது? உங்கள் அருமை நண்பர் வீரமுத்துவிடம். காரைப் பார்த்துக்கொள்ளச் சொல்லி நீங்கள்தான் கொடுத்துவிட்டுப் போனீர்கள்.

டயருக்கு அடியில் காய்ந்த ஓலை ஒன்றைச் செருகிவைத்தேன். காலையில் ஓலை நொறுங்காமல் இருந்தது. சரி, கார் ஓடவில்லை. ஓடாத காரில் விளக்கைப் போட்டு உட்கார்ந்திருக்கலாம் இல்லையா? ஏன் சொல்கிறேன் என்றால், கதவைத் திறந்ததும் உள்ளே புளித்த வாடை அடிக்கிறது. சம்சுச் சாராய வாடை. உங்களோடு குடும்பம் நடத்திய மூக்கு இது, இதை ஏமாற்ற முடியாது. வீரமுத்து குடியை விட்டு வருஷக்கணக்காகிறது என்று தோட்டமே மெச்சுகிறது. உங்களுக்குக் கிளாஸ் நீட்டிய கைகளில் அதுவும் ஒன்று என்பதை நான் மறக்கவில்லை.

நேற்று அவர் வாசலிலேயே போய் நின்றேன். அவர் பெண்டாட்டி நீலாவதியும் இருந்தாள். சாவியக் கொடுங்க, உக்காந்து குடிக்க என் காரு என்ன கடையா என்று கேட்டுவிட்டேன். அவர் வாயே திறக்காமல் சாவியை எடுத்துக் கொடுத்தார். தப்புச் செய்யாதவர் ஒரு வார்த்தையாவது திருப்பிப் பேசமாட்டாரா? நீலாவதிதான் அழுதாள்.

அடுத்த மாதம் உங்களை அழைத்துவர அவர்தான் காரோட்டி வருவதாக இருந்தது. இனி அது வேண்டாம். அவரைப் பற்றி உங்களுக்குத் தெரிந்ததை ஒளிக்காமல் எழுதுங்கள். இந்த முறையும் நீங்கள் அவருக்காகப் பொய் சொன்னால், நீங்கள் திரும்பி வரும் அன்று நான் கதவைத் திறப்பேனா என்று எனக்கே தெரியாது.

இப்படிக்கு,
புனிதா

*

லுக்குட்,
ஜூன் 30

அன்புள்ள லிண்டா அப்பாவுக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. வீரமுத்து நீங்கள் குடிக்கும்போதெல்லாம் பக்கத்தில் வெறும் தேநீரோடு உட்கார்ந்திருந்து உங்களைப் பத்திரமாக வீட்டில் சேர்த்தவர் என்று எழுதியிருந்தீர்கள். படித்ததும் எனக்குக் கோபம்தான் வந்தது. இருவரும் பேசிவைத்துக்கொண்டீர்கள் என்றே நினைத்தேன்.

ஆனால் சாவி என் தலையணைக்கு அடியில் இருந்தும் பேட்டரி செத்துக்கொண்டேதான் இருந்தது. இன்னொரு சாவி வெட்டி வைத்திருக்கிறார் என்று அடுத்த சந்தேகம். போன ஞாயிறு தெமியாங் கோயிலில் பூசைக்கு நேரமாகிவிட்டதென்று கதவை அடித்துச் சாத்தினேன். கார் தானாக ஹாரன் அடிக்க ஆரம்பித்தது. பாதர் பிரசங்கத்தை நிறுத்திவிட்டு வாசலைப் பார்த்தார். லிண்டா என்னைத் தெரியாதவள்போல் இரண்டு வரிசை தள்ளிப் போய் உட்கார்ந்துகொண்டாள்.

மறுநாள் லுக்குட்டில் கார் வயரிங் பார்க்கும் ஷங்கரிடம் கொண்டுபோனேன். அவர் பேட்டரியில் ஒரு வயரைக் கழற்றி நடுவில் சின்ன பல்பு ஒன்றைக் கோத்தார். எல்லாம் அணைத்திருந்தும் பல்பு எரிந்தது. எங்கேயோ கரண்ட் போகிறது என்றார். நான் கையைக் கட்டிக்கொண்டு அவர் தலைக்கு மேலேயே நின்றேன். நம்பிக்கை இல்லன்னா நீங்களே பல்ப பாத்துக்கிட்டு இருங்கலா அக்கா, நான் ஒவ்வொரு பியூஸா புடுங்குறேன் என்றார். பார்த்துக்கொண்டே இருந்தேன். ஹாரன் பியூஸைப் பிடுங்கியதும் பல்பு அணைந்தது.

அந்த வயர் போகும் வழியில் டாஷ்போர்டைக் கழற்றினார். உள்ளே எலிக்கூடு. தோட்டத்துச் செம்பனைப் பழத்தை இழுத்துவந்து தின்று, மிச்சத்தை அங்கேயே புளிக்க விட்டிருக்கின்றன. ஹாரன் வயரும் சிக்னல் வயரும் செம்பு தெரியக் கடிபட்டுக் கிடந்தன. ஊறிப்போன பழநார் வழியாக ராத்திரியெல்லாம் கரண்ட் கசிந்திருக்கிறது. கதவு அதிர்ந்து வயர் தகரத்தில் பட்டபோதுதான் ஹாரன் அலறியிருக்கிறது. என் மூக்குக்குச் சம்சுவாகத் தெரிந்தது அந்தப் பழம்தான்.

எலி எப்படி வந்தது என்று கேட்பீர்கள். எலியைப் பிடிக்கத் தோட்டத்தில் ஆந்தைக்குப் பெட்டி வைத்திருக்கிறார்களே, நம் வீட்டுக்குப் பின்னால் இருந்த பெட்டியை நான்தான் வேலையை மேற்பார்க்கும் மண்டோரிடம் சண்டை போட்டு எடுக்க வைத்தேன். நீங்கள் இல்லத்துக்குப் போன வாரம் அந்த ஆந்தை கூரைமேல் உட்கார்ந்து அலறியது. உங்களுக்கு ஏதோ ஆகிவிட்டது என்றே நினைத்துவிட்டேன். ஜெபமாலையைக் கையில் வைத்துக்கொண்டு ஆந்தைக்குப் பயந்தவள் என்று சிரித்துக்கொள்ளுங்கள். எடுக்காதீங்க அண்ணி, எலி ஏறும் என்று அன்றைக்கே சொன்னவர் வீரமுத்து.

அன்று மாலையே அவர் வீட்டுக்குப் போனேன். எலி என்று மட்டும் சொல்லிவிட்டு அழுதேன். அவர் சிரித்தார். விடுங்க அண்ணி, வயர் சரியாயிடுச்சா, அது போதும் என்றார். நீலாவதி சிரிக்கவில்லை. அவர் குடியை விட்ட புதிதில் தினமும் வாயை முகர்ந்து பார்த்துத்தான் உள்ளே விடுவாளாம். அதை நிறுத்தி வெகு நாளாயிற்றாம். நான் வந்து கத்திய அன்றிலிருந்து மறுபடியும் முகர்கிறாளாம். காருல இருந்தது எலின்னு தெரிஞ்சும் மனசு கேக்கல அண்ணி என்றாள். வேலை முடிந்து வந்ததும் அவர் வாசலில் நின்று குனிந்து கொடுக்கிறாராம். எனக்குச் செருப்பால் அடித்தது போலிருந்தது.

உங்களை அழைக்க வீரமுத்துவே வருகிறார். நானும் வருகிறேன்.

இனி உங்களைச் சந்தேகப்பட மாட்டேன் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். எழுத வரவில்லை. கடைக்குப் போய்விட்டு வந்தாலும் முகர்ந்து பார்ப்பேன். சட்டைப் பையைத் தடவுவேன். இன்றைக்கு ஒன்றும் இல்லாவிட்டால் நாளைக்கும் பார்ப்பேன். என்னால் வேறு மாதிரி இருக்க முடியவில்லை. அப்போது கோபித்துக்கொண்டு வெளியே போய்விடாதீர்கள். மாதா உங்களுக்கு அந்தப் பொறுமையைக் கொடுக்கட்டும். நான் பார்த்து முடிக்கிறவரை கொஞ்சம் நின்றுகொடுங்கள். அப்புறம் உள்ளே வந்து சாப்பிடுங்கள்.

உங்கள்,
புனிதா