உன் அண்ணன் வாங்கிய காற்று

பெங்களூர்
12-10-2004

செண்பகம்,

நேற்று உன் அண்ணன் வரதராசன் என் ஆபீசுக்கே வந்து காற்று வாங்கிப் போனார். நான் சுகம். உன் முட்டிவலி தேவலையா?

பயப்படாதே, சண்டை இல்லை, காபிகூடக் கொடுத்தேன். மின்வாரியக் கட்டணம் கட்டி மாளாமல் இங்கே பீன்யாவில் இருக்கும் அவருடைய பட்டறை மூடுகிற நிலை. புதுச் சட்டப்படி பட்டறைக்காரர்கள் காற்றாலை மின்சாரத்தை என்னைப் போன்ற வியாபாரியிடம் வாங்கலாம்.

என் மளிகைக்கடை நொடித்தபோது விருந்தில் எல்லோர் முன்னும் என்ன சொன்னார்? "மாப்ள கடை காத்து வாங்குது. அதையாவது வித்துப் பொழைக்கச் சொல்லும்மா!" நீ பாதிச் சாப்பாட்டில் எழுந்தாய். இப்போது அதைத்தான் விற்கிறேன்.

"ஆனி ஆடியில காத்து ஜாஸ்தி, வெலயக் கொறைங்க மாப்ள," என்றார்.

"வருஷம் பூரா ஒரே வெல மச்சான். எப்ப அடிச்சாலும் வாங்கித்தான் ஆவணும்."

கையெழுத்துப் போடும்போது அவர் நிமிரவில்லை.

இங்கே சாம்பாரிலும் வெல்லம் போடுகிறார்கள். உன் கொள்ளுப்பொடி அனுப்பு.

தபால் நேரமாகிவிட்டது. பேசி முடித்தது இதுதான்: யூனிட் மூன்று ரூபாய் நாற்பது காசு, பத்து வருடம். ஏழு வருடமாக நிறுத்திய பொங்கல் சீரை அவரே சுமந்து வந்து, அன்று உனக்கு இலை போட்டுப் பரிமாற வேண்டும்.