எட்டு வரி இடம்

ஜனவரி 11

அன்புள்ள அப்பாவுக்கு,

நானும் அம்மாவும் நலம். உங்கள் முதுகுவலி எப்படி இருக்கிறது? போனில் கேட்டால் "நல்லாத்தான் இருக்கேன்" என்று இரண்டு வார்த்தையில் முடித்துவிடுகிறீர்கள். எனக்கும் போனில் 'ம்' தவிர வேறு எதுவும் வருவதில்லை. எழுதினால் நானும் கொஞ்சம் வாயாடிதான். அதனால் எழுதுகிறேன்.

ஒரு செய்தி. ஊராட்சி அலுவலகத்தில் எனக்கு வேலை கிடைத்திருக்கிறது. நம் எழுத்தருக்குக் கை நடுங்க ஆரம்பித்துவிட்டது. அவர் எழுதியதை அவரே மறுநாள் படிக்க முடியவில்லையாம். தலைவர் என் எழுத்தைப் பார்த்துவிட்டு, "ஒம்பதாவதோட நின்ன பொண்ணு எழுத்தா இது? அச்சடிச்ச மாதிரி இருக்கே!" என்றார். காது இரண்டும் சூடாகிவிட்டது. அலமாரியைப் பார்த்துக்கொண்டே நின்றேன்.

அலுவலகச் சுவரில் வருட வேலைகளின் பட்டியல் ஒட்டியிருக்கிறது. ஜனவரியில் வாய்க்கால் தூர் வாருவது, பிப்ரவரியில் எரியாத தெருவிளக்குகளை எண்ணுவது, மார்ச்சில் குடிநீர்த் தொட்டியைக் கழுவிச் சோதிப்பது, ஏப்ரலில் ஆண்டுக் கூட்டம், அப்புறம் மழைக்கு முன்னால் இடுகாட்டுப் பாதையில் முள் வெட்டுவது. எழுத்தர் சொன்னார்: "இதுல ஒரு வேலை மட்டும் வருஷா வருஷம் தவறாம நடக்கும்மா. பட்டியலப் புதுசா ஒட்டுறது."

தீர்மானப் புத்தகம் எழுதக் கற்றுக்கொடுத்தார். கூட்டத்தில் பேசியதை எல்லாம் எழுதி, கடைசித் தீர்மானத்துக்குக் கீழே எட்டு வரி காலியாக விட வேண்டுமாம். அதற்குக் கீழேதான் ஊர்க்காரர்கள் கையெழுத்துப் போடுவார்கள்.

"எதுக்கு எட்டு வரி?" என்று கேட்டேன்.

"கூட்டம் கலைஞ்சப்புறம் தலைவருக்கு ஏதாச்சும் ஞாபகம் வரும். அப்ப எழுதிக்கலாம்" என்றார். அவர் சிரிக்கவில்லை. நானும் சிரிக்கவில்லை.

வேளைக்குச் சாப்பிடுங்கள்.

உங்கள் அன்பு மகள்


பிப்ரவரி 4

என் செல்ல மகளுக்கு,

அப்பா எழுதுவது. உன் கடிதம் வந்தது. அறையில் இருக்கும் ஐந்து பேருக்கும் படித்துக் காட்டினேன். "உன் பொண்ணா? நம்ப முடியலையே, உன் எழுத்து மழைல நனைஞ்ச மாதிரில்ல இருக்கும்" என்று கேலி செய்தார்கள். செய்யட்டும். எனக்கு நெஞ்சு நிறைந்துபோனது.

உன்னைப் பள்ளியிலிருந்து நிறுத்தியது நான்தான். அது என்னை உறுத்தாத நாள் இல்லை. இப்போது நாற்காலியில் உட்கார்ந்து எழுதுகிற வேலை கிடைத்திருக்கிறது. அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொள். தலைவர் சொல்வதைத் தட்டாதே. நான் இந்த வெளிநாட்டு வேலைக்கு வந்ததும் அவர் பேசிவிட்டதால்தான். அவர் முகம் கோணும்படி நம் வீட்டில் யாரும் நடக்கக் கூடாது.

எட்டு வரி விஷயமெல்லாம் பெரியவர்கள் பாடு. நீ எழுது, அவ்வளவுதான்.

அம்மாவைக் கிணற்றடியில் பார்த்து நடக்கச் சொல். பாசி வழுக்கும்.

அன்பு அப்பா


மார்ச் 13

அன்புள்ள அப்பாவுக்கு,

உங்கள் கடிதத்தைத் தலையணைக்கு அடியில் வைத்திருக்கிறேன். அம்மா சிரிக்கிறாள்.

இந்த வாரம் தொட்டி கழுவினார்கள். தொட்டி ஆபரேட்டரை உங்களுக்குத் தெரியுமே, எல்லாரும் ஏணி என்று கூப்பிடுவார்களே, அவர்தான் ஏறினார். நான் கீழே நோட்டுடன் நின்றேன். அவர் சுத்தியலால் ஒவ்வொரு தூணாகத் தட்டிக்கொண்டே வருவார், "சரி" என்றால் நான் குறி போட வேண்டும். முதல் மூன்று தூண்கள் சரி. பாலர் பள்ளிப் பக்கம் இருக்கிற நான்காவது தூணின் தலைப்பில், தொட்டி உட்காரும் இடத்தில், தட்டினார். காலிப் பெட்டியைத் தட்டின மாதிரி சத்தம் வந்தது. அவர் "சரி" என்று சொல்லவில்லை. மறுபடி தட்டினார். பூச்சு ஓர் ஆள் உயரத்துக்கு அப்படியே கழன்று விழுந்தது.

உள்ளே கான்கிரீட் இல்லை அப்பா. சிமெண்ட் சாக்கு இருந்தது. இழுக்க இழுக்க வந்தது. அதற்குப் பின்னால் கம்பி என் சுண்டுவிரல் அளவுகூட இல்லை.

ஏணி கீழே இறங்கி, சாக்கைத் தரையில் போட்டுவிட்டு என்னைப் பார்த்தார். "உங்கப்பாவச் சொல்லலம்மா" என்றார். நான் எதுவும் கேட்கவே இல்லை.

போன வருடம் அந்தப் பூச்சு வேலைக்கு நான்தானே உங்களுக்குச் சோறு கொண்டுவந்தேன். ஒரு நாள்கூட நீங்கள் என்னைத் தூண் பக்கம் வர விடவில்லை. வாசலிலேயே வாங்கிக்கொண்டு போகச் சொல்வீர்கள். வெயிலுக்காக என்று நினைத்தேன்.

ஏணி இப்போது தொட்டியில் பாதிதான் நிரப்புகிறார். மேட்டுத் தெருவில் தண்ணீர் ஏறவில்லை என்று தினமும் சண்டை. தலைவர் அவரிடம், "உனக்கு வயசாயிடுச்சு, பயம் வந்துடுச்சு" என்றார். அவர், "ஆமாங்க, வந்துடுச்சு. நீங்க ஒரு தடவ ஏறிப் பாருங்க, உங்களுக்கும் வரும்" என்றார்.

விழுந்த இடத்தை மறுநாளே மூடி வெள்ளை அடித்துவிட்டார்கள். யார் என்று தெரியவில்லை.

அப்பா, உள்ளே சாக்கு இருந்தது உங்களுக்குத் தெரியுமா?

உங்கள் மகள்


மார்ச் 30

மகளுக்கு,

இங்கே எல்லாரும் நலம். வெயில் தாங்க முடியவில்லை. மதியம் இரண்டு மணி நேரம் வேலையை நிறுத்திவிடுகிறார்கள்.

நீ கேட்டதற்கெல்லாம் கடிதத்தில் பதில் எழுத முடியாது. போனிலும் கேட்காதே. தொட்டி முப்பது வருடமாக நிற்கிறது. பாதித் தண்ணீர் என்றால் நிற்கும்.

சில விஷயம் சொல்கிறேன், ஏன் என்று கேட்காமல் செய். தண்ணீர் பிடிக்கத் தொட்டியடிக் குழாய்க்கு நீயும் அம்மாவும் போக வேண்டாம். கொஞ்சம் தூரமானாலும் கிணற்றிலேயே எடுங்கள். அலுவலகத்துக்குப் பாலர் பள்ளி வழியாகப் போகாதே, சுற்றிப் போ. ஆண்டுக் கூட்டம் வழக்கம்போலத் தொட்டி நிழலில்தான் போடுவார்கள். நீ மேசையை ஓரமாக இழுத்துக்கொண்டு வெயிலில் உட்கார். அம்மாவையும் பக்கத்திலேயே உட்கார்த்திக்கொள்.

தலைக்குத் துணி போட்டுக்கொள்ளுங்கள்.

அப்பா


ஏப்ரல் 22

அன்புள்ள அப்பாவுக்கு,

கூட்டம் முடிந்தது. நீங்கள் சொன்னபடி வெயிலில் உட்கார்ந்தோம்.

எழுபத்தொரு பேர் நிழலில் உட்கார்ந்திருந்தார்கள். நானும் அம்மாவும் மட்டும் வெளியே. "என்னம்மா, ஆபீஸ் வேலைக்குப் போனதும் நம்ம பக்கத்துல உக்காரக் கூடாதா?" என்று பால்காரர் மனைவி கேட்டாள். எல்லாரும் சிரித்தார்கள். அம்மா, "அவளுக்குக் குளிருதாம்" என்றாள். இன்னும் சிரித்தார்கள். அம்மாவுக்கு நான் எதையும் சொல்லவில்லை அப்பா. உங்கள் கடிதத்தைப் படித்துக் காட்டும்போது அந்த இடத்தை விட்டுவிட்டுப் படித்தேன். ஆனால் அவள் என்னை ஒரு கேள்வியும் கேட்காமல் வந்து வெயிலில் உட்கார்ந்தாள். அதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது.

தையல்காரர் மகள் கைக்குழந்தையோடு வந்திருந்தாள். அந்த நான்காவது தூணில் சாய்ந்து உட்கார்ந்து தூங்க வைத்தாள். நான் தீர்மானங்களைப் படிக்க எழுந்தேன். "இங்க வந்துடுக்கா" என்று அவளைக் கூப்பிட வேண்டும் என்று வாய் வரை வந்தது. எழுதியிருந்ததை மட்டும் படித்துவிட்டு உட்கார்ந்துவிட்டேன். இரண்டு மணி நேரம். அந்தத் தூணையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

தொட்டியைப் பற்றி யாரும் பேசவில்லை. ஏணி எழுந்தார். "தண்ணிப் பிரச்சனைன்னா அப்புறம் பேசலாம்" என்று தலைவர் உட்காரச் சொல்லிவிட்டார். எல்லாரும் கையெழுத்துப் போட்டார்கள். முதல் கையெழுத்து தலைவருடையது. மேலே எட்டு வரி காலி.

மறுநாள் தலைவர் என்னைக் கூப்பிட்டார். ஒரு துண்டுச் சீட்டில் எழுதி வைத்திருந்தார். குடிநீர்த் தொட்டி சோதிக்கப்பட்டது, உறுதியாக இருக்கிறது, ஜூன் முதல் தேதியிலிருந்து முழுவதும் நிரப்பலாம் என்று கூட்டம் ஒருமனதாக முடிவு செய்தது. இதை அந்த இடத்தில் என் எழுத்தில் எழுத வேண்டும். மே மாதக் கடைசியில் நகல் எடுத்து மேல் அலுவலகத்துக்கு அனுப்ப வேண்டும். நகல் எடுக்கும்போது எழுதுகிறேன் என்று சொல்லித் தப்பித்தேன். ஏணியை வேலையை விட்டு நிறுத்திவிட்டார்கள். வரப்போகிறவர் முழுக்க நிரப்புவாராம்.

பாலர் பள்ளி ஜூன் மூன்றாம் தேதி திறக்கிறது. இருபத்து மூன்று குழந்தைகள். மதியச் சாப்பாட்டுக்கு அந்த நிழலில்தான் வரிசையாக உட்கார வைப்பார்கள்.

நான் சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள். என்னால் சொல்லவும் முடியாது. பூசியவர் நீங்கள். நீங்கள் ஒரு கடிதம் எழுதுங்கள் அப்பா. நான் கொண்டுபோய்க் கொடுக்கிறேன்.

உங்கள் மகள்


மே 10

கண்ணு,

மூன்று நாளாக எழுதி எழுதிக் கிழிக்கிறேன்.

உனக்குத் தெரிந்தாகிவிட்டது, மறைத்துப் பயனில்லை. பூச்சுக்காகத் தூணைக் கொத்தியபோதே கம்பி உதிர்ந்தது. தலைவரைக் கூட்டிவந்து காட்டினேன். "மேல்பகுதிய இடிச்சுத்தான் கட்டணும்"னு சொன்னேன். "இந்த வருஷம் மூடிடு, அடுத்த வருஷம் பாத்துக்கலாம்" என்றார். கலவை பிடிக்கவில்லை. சாக்கைத் திணித்து அதன்மேல் பூசினேன். அவர் பக்கத்திலேயே நின்றார். அடுத்த மாதமே எனக்கு இந்த வேலைக்கு ஏற்பாடு செய்தார். எதற்கு என்று தெரியாமல் நான் விமானம் ஏறவில்லை.

இதை வெளியில் சொன்னால் முதலில் என்னைத்தான் பிடிப்பார்கள். பூசிய கை என் கை. இங்கிருந்து அனுப்பிவிடுவார்கள், அங்கே வந்து இறங்கினால் சிறை. நீயும் அம்மாவும் எப்படித் தலை நிமிர்வீர்கள்? உன் கல்யாணம் என்ன ஆகும்?

அவர் கொடுத்ததை எழுதிவிடு. உன் கைதான் எழுதுகிறது, நீ சொல்வதாக ஆகாது. தூணுக்கு ஒன்றும் ஆகாது என்று நினைத்துக்கொள். நான் ஒவ்வொரு நாளும் அப்படித்தான் நினைத்துக்கொள்கிறேன்.

உன்னை இதுவரை நான் எதற்கும் கெஞ்சியதில்லை.

படித்ததும் இதைக் கிழித்துவிடு.

அப்பா


ஜூன் 6

அன்புள்ள அப்பாவுக்கு,

அம்மா நலம். சாப்பிடுகிறாள். என்னோடு பேசவில்லை.

மே 27 அன்று எட்டு வரியையும் எழுதினேன். ஒரு வரிகூட மிச்சம் வைக்கவில்லை. நான்காவது தூணின் கம்பிகள் இற்றுப்போயிருக்கின்றன, கான்கிரீட் இருக்க வேண்டிய இடத்தில் சிமெண்ட் சாக்கு இருக்கிறது, தொட்டியை உடனே காலி செய்து இடிக்க வேண்டும், அதுவரை பாலர் பள்ளியைத் திறக்கக் கூடாது என்று கூட்டம் ஒருமனதாக முடிவு செய்தது. கீழே எழுபத்து மூன்று கையெழுத்துகள் ஏற்கெனவே இருந்தன. நகலை எழுத்தர் கையில் கொடுக்காமல் நானே தபாலில் சேர்த்தேன்.

மேல் அலுவலகத்திலிருந்து ஜூன் இரண்டாம் தேதி பொறியாளர் வந்து இறங்கிய பிறகுதான் தலைவர் பக்கத்தைத் திறந்து பார்த்தார்.

"யாரக் கேட்டு இத எழுதின?"

"நீங்கதான் எழுதச் சொன்னீங்க."

"நான் சொன்னத எழுதச் சொன்னேன்!"

எழுத்தர் ஜன்னலைப் பார்த்துக்கொண்டே, "மொதக் கையெழுத்து உங்களுதுதாங்க" என்றார்.

புது ஆள் முதல் தேதியே முழுக்க நிரப்பியிருந்தார். பொறியாளர் தூணைத் தட்டிப் பார்த்தார், ஒரே தடவைதான். பிறகு எல்லாரையும் கையைக் காட்டித் தள்ளிப் போகச் சொன்னார். சத்தம் போட்டுக்கூடச் சொல்லவில்லை. சாயங்காலம் வரை தண்ணீர் தெருவில் ஓடியது. பாதிக்குக் கீழே இறங்கும்போது தூணுக்குள் ஏதோ முறிகிற சத்தம் கேட்டது. தலைப்புக் கான்கிரீட் கட்டில் அகலத்துக்குப் பெயர்ந்து, குழந்தைகள் உட்காரும் வரிசைமேல் விழுந்தது. அங்கே யாரும் இல்லை. மறுநாள்தான் பள்ளி திறக்க இருந்தது.

அப்புறம் பொறியாளர் கேட்டார், "இதப் பூசினது யாரு?"

எல்லாருக்கும் தெரியும். ஏணிகூடக் குனிந்துகொண்டார். தலைவர்தான் என்னைக் காட்டி, "இவ அப்பன்தாங்க. எனக்கு ஒண்ணும் தெரியாது, ஏமாத்திட்டுப் போயிட்டான்" என்றார்.

நீங்கள் மட்டும் திருடன் ஆகிவிடுவீர்கள் என்று தோன்றியது. அதற்காகத்தான் அப்படிச் செய்தேன் என்று எழுத ஆசையாக இருக்கிறது. ஆனால் அது முழு உண்மை இல்லை. தலைவர் என்னைக் காட்டாமல் இருந்திருந்தாலும் கொடுத்திருப்பேன் என்றுதான் நினைக்கிறேன். வீட்டுக்குப் போய்த் தலையணையைத் தூக்கி உங்கள் மே மாதக் கடிதத்தை எடுத்துவந்து பொறியாளர் கையில் கொடுத்தேன். நான் அதைக் கிழிக்கவில்லை அப்பா.

அவர் இரண்டு தடவை படித்தார். "இது அவர் எழுத்துதானே?" என்றார். "ஆமாம், எங்க அப்பா எழுத்து" என்றேன். தலைவரைப் போலீஸார் அன்றே கூட்டிப்போனார்கள். அம்மா வாசலில் நின்று, "உனக்கு வாயே இல்லன்னு எத்தன பேர்கிட்ட வருத்தப்பட்டிருக்கேன்" என்றாள். அதுதான் கடைசியாகப் பேசியது.

உங்களுக்கும் ஒரு நோட்டீஸ் வருகிறது. வந்து வாக்குமூலம் கொடுக்க வேண்டுமாம். அந்த ஊர் முகவரியை எப்படி எழுதுவது என்று அவர்களுக்குத் தெரியவில்லை. உறையை என்னிடம் நீட்டினார்கள். எழுதிக் கொடுத்தேன். இரண்டும் இன்று ஒரே பெட்டியில் விழுகின்றன. எது முதலில் உங்கள் கைக்கு வந்தாலும், மேலே இருப்பது என் எழுத்துதான்.

உங்கள் மகள்