ஏறும் என்று நீ சொன்ன நிலம்

அண்ணா,

நேற்று உறுவையாறு போகும் பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. ஆற்றுப்பக்கம் திரும்பும் இடத்தில் பஸ் நின்றபோது, வெளியே இரண்டு பேர் மனைக்கற்களுக்கு மஞ்சள் பெயிண்ட் அடித்துக்கொண்டிருந்தார்கள். பெயிண்ட் வாடையோடு மண்ணெண்ணெய் வாடையும் சேர்ந்து உள்ளே வந்தது. உன் கை வாடை. மனை பிரித்துக் கல் நட்டுவிட்டு வரும் நாட்களில் நீ கிணற்றடியில் உட்கார்ந்து, விரல்களை மண்ணெண்ணெயில் தேய்த்துக்கொண்டே பேசுவாய். எவ்வளவு தேய்த்தாலும் நகக்கண்ணில் மஞ்சள் போகாது. சவப்பெட்டியில் நீ கிடந்தபோது அந்த விரல்கள் சுத்தமாக இருந்தன. அதைப் பார்த்த பிறகுதான் எனக்கு அழுகையே வந்தது.

ரைஸ் மில் குமாஸ்தாவாக இருந்தவன் நீ. மில்லை மூடியதும் வில்லியனூரில் மனைத் தொழிலில் இறங்கினாய். ஏறக்குறைய அதே சமயத்தில் எனக்குப் புதுச்சேரியில் அரசாங்கப் புள்ளிவிவரப் பிரிவில் வேலை கிடைத்தது. எந்த ஊரில் எத்தனை மனை கைமாறியது, என்ன விலைக்குப் போனது என்று பத்திரப் பதிவு ஆபீஸ்களிலிருந்து வருவதைத் தொகுக்கும் வேலை. பதிவு ஆபீசை அப்பா கடைசிவரை, பிரெஞ்சுக்காரன் காலத்துப் பேச்சில், நொத்தேர் ஆபீஸ் என்றுதான் சொன்னார். "அண்ணங்காரன் மண்ண விக்கிறான், தங்கச்சி அத்த எண்ணிக்கினு கெடக்குது" என்று மாதா கோயில் பூசை முடிந்து வரும் வழியில் ஊர்க்காரர்கள் நம்மைக் கேலி செய்வார்கள். நமக்கும் அது பிடித்துத்தான் இருந்தது.

நிலம் பார்க்கப் போனால் நீ நிலத்தைப் பார்க்கமாட்டாய். சாயங்காலமாகப் போய் ஊர் ஓரத்தில் சைக்கிளை நிறுத்திவிட்டு ஜனங்களைப் பார்ப்பாய். யார் எந்தப் பக்கம் நடக்கிறார்கள், புதிதாக யார் எங்கே பெட்டிக்கடை போட்டிருக்கிறார்கள் என்று. "ஊரு எந்தப் பக்கம் கால நீட்டுதுன்னு பாக்கணும் பாப்பா. அந்தப் பக்கந்தான் வூடு வரும்" என்பாய். மாதா கோயிலுக்கு மேற்கே முள்காடாகக் கிடந்த இடத்தை நீ வாங்கியபோது, அங்கே ஒரு பத்திரம்கூடப் பதிவாகவில்லை என்று எச்சரித்தேன். "பதிவாயிட்டா அப்பறம் எனக்கு அங்க இன்னா வேலை?" என்று சிரித்தாய். சில வருடங்களில் அங்கே தெரு வந்தது, தெருவிளக்கு வந்தது. மில் தொழிலாளிகளும் வாத்தியார்களும் ஓட்டு வீடு கட்டிக் குடிவந்தார்கள். உன்னைக் கண்டால் சைக்கிளை விட்டு இறங்கி நின்று பேசினார்கள். நீயும் அதே தெருவில் வீடு கட்டினாய். உன் மகள் செலின் அங்கேதான் பிறந்தாள்.

என் எண்களை நீ நம்பாததற்குக் காரணம் இருந்தது. "பத்திரத்துல எழுதுறது பாதி வெல. வாயால சொல்றது முக்கா வெல. முழு வெல வாங்கறவன் கண்ணுலதான் கீது. உங்க ஆபீசுல எவன் கண்ண எண்ணுறீங்க?" என்று கேட்டாய். நானும் விடவில்லை. "பொய்யாவே இருக்கட்டும்ணா. வருசா வருசம் ஒரே மாதிரிதானே பொய் சொல்றாங்க? ஏறுதா எறங்குதான்னு அதுலயே தெரியும்" என்றேன். "இது நல்லாத்தான் கீது" என்று நீ ஒப்புக்கொண்டாய். ஒப்புக்கொண்டதோடு சரி.

உறுவையாற்று நிலம் வந்தது எண்பதுகளின் தொடக்கத்தில். ஆற்றோரமாக நீண்டு கிடந்த வேர்க்கடலைக் கொல்லை. பக்கத்தில் பெரிய தொழிற்சாலை வரப்போகிறது என்று பேச்சு. நீ பல சாயங்காலங்கள் அங்கே போய் நின்றாய். ஒரு நாள் வந்து, வில்லியனூர் வீட்டை விற்று அந்தக் கொல்லை முழுவதையும் வாங்கப்போவதாகச் சொன்னாய். அண்ணி என் கையைப் பிடித்து அடுப்பங்கரைக்குள் இழுத்து, "நீ சொல்லும்மா. எங்கிட்ட சிரிச்சே மழுப்புறாரு. நீ சொன்னா கேப்பாரு" என்றாள்.

சொன்னேன். அந்தப் பக்கம் பத்திரங்கள் குறைந்துகொண்டே வருகின்றன என்று சொன்னேன். வாங்கியவர்கள் வீடு கட்டாமல் மனையை மனையாகவே திருப்பி விற்கிறார்கள், குடியிருக்க வருகிறவன் யாரும் வாங்கவில்லை என்று சொன்னேன். நீ முதல்முறையாக என்மேல் கோபப்பட்டாய்.

"நீ எண்ணுறதெல்லாம் நேத்து நடந்தது பாப்பா. அதுல நாளைக்கு எங்க கீது, காட்டு!"

அண்ணி எழுந்து வெளியே போய்விட்டாள்.

தொழிற்சாலை வேறு பக்கம் போனது. நீ செம்மண் ரோடு போட்டு, கல் நட்டு, கலர் கொடி கட்டி, வேப்பமரத்தடியில் ஒரு மடக்கு நாற்காலியைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாய். வந்தவர்கள் விலை கேட்டார்கள், குடிதண்ணீர் எப்படி என்று கேட்டார்கள், போய்விட்டார்கள். அந்த ஐப்பசி மழையில் ஆற்றுத் தண்ணீர் ஏறி வந்து ரோடு கரைந்தது. அடுத்த மழைக்குக் கற்கள் சாய்ந்தன. ஒருமுறை உனக்குச் சோறு கொண்டுவந்தேன். குடையைப் பிடித்துக்கொண்டு ஆள் வரும் திசையையே பார்த்திருந்தாய். "வருவாங்க பாப்பா. எனக்கு உள்ள சொல்லுது" என்றாய். அதற்குள் உன் குரல் என்னிடம் கெஞ்சுவதுபோல் ஆகியிருந்தது. ஆமாம் என்று சொல்லியிருக்கலாம்தான். சோற்றைப் பிரித்து வைத்தேன்.

தொழிற்சாலைப் பேச்சை நம்பி முன்பணம் கொடுத்திருந்தவர்கள் அதைத் திருப்பிக் கேட்டு, நீ குடிபோன வாடகை வீட்டு வாசலுக்கு வர ஆரம்பித்ததும் கொல்லையை வந்த விலைக்குக் கொடுத்துவிட்டாய். வாங்கியவர் கற்களைப் பிடுங்கிப்போட்டுவிட்டுக் கரும்பு நட்டார். அன்றைக்குப் பிறகு நீ எந்த ஊர் ஓரத்திலும் போய் நிற்கவில்லை. அண்ணி துணி தைத்தாள். நீ ஒரு சிமெண்ட் கடையில் பில் எழுதினாய், நெஞ்சுவலி வந்து கடையிலேயே விழும்வரை.

பெரியாஸ்பத்திரியில் உன் உயிர் போனது காலையில். உன்னை வீட்டுக்கு எடுத்துப் போக வண்டிக்குச் சொல்லிவிட்டு நின்றபோது, உன் வாடகை வீட்டின் சொந்தக்காரர் ஆஸ்பத்திரிக்கே வந்துவிட்டார். கெட்ட மனுஷர் இல்லை. தலையைக் குனிந்துகொண்டுதான் பேசினார்.

"தப்பா நெனக்காதம்மா. பொண்ணுக்குக் கல்யாணம் வெச்சிருக்கோம். வாடகை வூட்டுல பொணத்த வெக்க வாணாம்."

அப்பா வீடு இடிந்து கிடந்தது. என் குவார்ட்டர்ஸ் மாடியில், படிக்கட்டில் பெட்டி திரும்பாது. அண்ணி யார் முகத்தையும் பார்க்காமல், "அப்ப இவர எங்கதான் வெக்கறது?" என்று ஒரே கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டிருந்தாள். எத்தனையோ பேருக்கு வாசல் காட்டியவன் நீ. உன்னைக் கிடத்த ஒரு வாசல் இல்லாமல் ஆஸ்பத்திரி மரத்தடியில் நின்றோம்.

வில்லியனூர் மேற்குத் தெரு வாத்தியார் செய்தி கேட்டு வந்திருந்தார். உன் முள்காட்டில் முதல் மனை வாங்கியவர். விஷயம் தெரிந்ததும் யாரையும் கலந்துகொள்ளாமல் வண்டிக்காரரிடம் போய், "எங்க வூட்டுக்கு வுடுப்பா" என்றார். பிறகு அண்ணியிடம் வந்து, "அவரு பாத்துக் குடுத்த எடம்மா அது. அவரு வூடுதான்" என்றார். அந்தக் கூடத்தில்தான் உன்னைக் கிடத்தினோம். மூன்று வீடு தள்ளி நீ விற்ற உன் வீடு. அந்த வாசலில் யாரோ வடாம் காயவைத்திருந்தார்கள். செலின் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

கரும்பு நட்டவர் அந்த நிலத்தைப் பல வருடங்கள் வைத்திருந்தார். பிறகு அந்தப் பக்கம் பத்திரங்கள் கூடுவது என் ஆபீஸ் மேசைக்கே வந்தது. முதலில் கொஞ்சம், பிறகு மளமளவென்று. அவர் மனை போட்டு விற்றார். நீ ரோடு போட்ட இடத்திலேயே ரோடு போட்டார். இன்று அங்கே மாடி வீடுகள். நீ சொன்ன இடம் சரி. அந்த வருடங்களுக்கு நான் சொன்னதும் சரி. சரியாகச் சொன்ன இரண்டு பேர் ஒரே குடும்பத்தில் இருந்தும் உன் வீடு போயிற்று. கரும்புக்காரருக்கு என் எண்களும் தெரியாது, உனக்குச் சொன்னதுபோல உள்ளே எதுவும் சொல்லவும் இல்லை. அவருக்குக் கரும்பு இருந்தது. காத்திருக்க முடிந்தது.

அண்ணி அந்தப் பக்கம் போகும் பஸ்ஸில்கூட ஏறாமலே போய்ச் சேர்ந்தாள். செலினுக்கு உன் முகவாய். போன வருடம் புருஷனோடு வந்து, பாகூர் பக்கம் ஒரு வீடு பார்த்திருப்பதாகச் சொன்னாள். மாப்பிள்ளை விலைவாசி விவரங்களையெல்லாம் எடுத்துவந்து என் முன்னால் பரப்பினார். செலின் அதை ஒதுக்கிவிட்டு, "எனக்கு உள்ள நொழஞ்சதுமே புடிச்சிப்போச்சு அத்தே" என்றாள். இருவரும் என் வாயையே பார்த்தார்கள். ஏறுமா, ஏறாதா என்று நான் சொல்லவில்லை. ஒன்றைத்தான் கேட்டேன்.

"வெல ஏறவே ஏறலன்னா, அதுலயே குடியிருப்பீங்களா?"

இருப்போம் என்றார்கள். அப்படியானால் வாங்குங்கள் என்றேன். இத்தனை வருட வேலையிலும் உன் சாவிலும் நான் கற்றுக்கொண்டு மிச்சம் வைத்திருப்பது இந்த ஒரு கேள்விதான்.

வாசல்வரை போன செலின் திரும்பி நின்று, "அப்பா இருந்தா இன்னா சொல்லியிருப்பாரு அத்தே?" என்று கேட்டாள்.

"கண்டிப்பா ஏறும்னு சொல்லியிருப்பான்" என்றேன்.

அவள் சிரித்துக்கொண்டே இறங்கிப் போனாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஏறத்தானே செய்தது, அண்ணா.