உன் முளைப்பாரிக்கு உண்டான பாட்டு

அன்புள்ள முப்பிடாதி அக்காவுக்கு மட்டாஞ்சேரியிலிருந்து தங்கை அமுதவள்ளி எழுதுவது.

உன் இடுப்பு வலி தேவலையா? இங்கே பேரன் முத்துராமலிங்கத்துக்கு ஆலுவாவில் வேலை நிரந்தரம் ஆகிவிட்டது. பேத்தி அஞ்சனா நர்சிங்கில் முதல் வகுப்பு. சின்னவன் மலையாளப் பேச்சுப் போட்டியில் கோப்பை வாங்கினான். நான் ஓட்டலில் மாவாட்டிக்கொண்டு சௌக்கியம். கோயிலில் நடந்ததை நினைத்தால்தான் வயிறு எரிகிறது.

இங்கே அம்மன் கோயில் கொடைத் திருவிழாவுக்கு, உன் இடுப்பு குணமாக வேண்டி உன் பெயரில் முளைப்பாரி போட்டேன். கும்மியில் ஒரு முளைப்பாரிக்கு ஒரு சுற்றுப் பாட்டு அல்லவா? மெட்டும் அடியும் மாறாது, பெயர் மட்டும்தான் மாறும். உன் பெயர் கடைசி. அதற்குள் கமிட்டிக்காரன் விஸ்வநாத் மைக்கைப் பிடுங்கிவிட்டான்.

"அமுதவள்ளி பாட்டி! ஒரே பாட்டைத் திருப்பித் திருப்பிப் பாடினா ஆளுக எந்திரிச்சுப் போயிருவாங்க."

"ஒங்கம்மா பேரு வந்தப்போ மட்டும் ஒனக்குப் புதுப் பாட்டா இருந்துச்சோ? எங்கக்கா பேரைப் பாடாம நேத்திக்கடன் எப்படிலே தீரும்?"

சிரிக்கிறான், பயல்! எனக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. மைக் இல்லாமலே தொண்டை கிழியப் பாடினேன். அத்தனை சுற்று பாடி மெட்டு வாயில் ஊறிப்போனதால், உன்னைப் பார்த்தறியாத பெண்கள்கூட உன் பெயரைத் தடுமாறாமல் வாங்கிப் பாடினார்கள். அவன்மேல் கோபம் இன்னும் ஆறவில்லை.

வேலைக்கு நேரமாகிவிட்டது. "யாரு அந்த முப்பிடாதி?" என்று எல்லாரும் கேட்கிறார்கள். காட்டுவதற்கு உன் கல்யாணப் படம்தான் இருக்கிறது. புதிதாக ஒரு போட்டோ எடுத்துத் தபாலில் போடு, அக்கா.