அணைக்கட்டு முனியின் உத்தரவு

மார்ச் 5, செவ்வாய்

கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸில் நாள் முழுக்க மழை. தனேஷைக் கட்டிக்கொள்ளப் போகிறேன் என்று அம்மாவிடம் சொல்லிவிட்டேன். எனக்கு முப்பத்தெட்டு வயது. அவருக்கு ஒரு டிவோர்ஸ், பண்டமாரானில் ஒரு வீடு. அம்மா கீரை ஆய்ந்துகொண்டே, "முனி உத்தரவு குடுக்கட்டும்" என்றாள்.

முனி எங்கள் குலதெய்வம். அம்மா பிறந்த எஸ்டேட்டோடு அவரும் மலையடி அணைக்குள் மூழ்கி நாற்பது வருடமாகிறது. அவர் எப்படி உத்தரவு கொடுப்பார்?

மார்ச் 7

"ஈயம் தோண்டினான், ரப்பர் நட்டான், ஜப்பான்காரன் வந்தான், கடைசியில தண்ணிய விட்டான். எல்லாத்தையும் பார்த்தவருடி. உன் டிவோர்ஸ்காரனப் பார்க்க மாட்டாரா?" – அம்மா.

மார்ச் 10, ஞாயிறு

தனேஷ் காரில் மூவரும் அணைக்குப் போனோம். அழகான இடம். மலை, தண்ணீர், இறங்கக் கூடாது என்று பெரிய பலகை.

அம்மா ஒரு இலையில் வெள்ளைப் பூ, இன்னொன்றில் சிவப்பு என்று மடித்துக் கட்டி வந்திருந்தாள். சாமி முன் போட்டு ஒன்றை எடுக்க வேண்டும். வெள்ளை வந்தால் சம்மதம். சாமி தண்ணீருக்கடியில் இருப்பதால் பொட்டலங்களைத் தண்ணீரில் விட்டாள். கரைக்குத் திரும்பி வருவதுதான் பதிலாம். இரண்டும் சேர்ந்து உள்ளே போகத் தொடங்கின.

அணைக் காவலுக்கு இருந்த ஜாகா விசிலடித்துக்கொண்டு ஓடிவந்தார். "யாரு குப்பை போட்டது? கே.எல்.காரன் குடிக்கிற தண்ணி லா!"

"நான்தான் அண்ணே" என்றார் தனேஷ். முழங்கால் தண்ணீரில் இறங்கிப் பொறுக்கினார். இறங்கியதற்கும் சேர்த்துத் திட்டு வாங்கினார். அம்மா மலையைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

திட்டி முடித்ததும் ஜாகா பக்கிரிசாமி நம்ம ஆள் ஆகிவிட்டார். எந்த எஸ்டேட் என்று விசாரித்தார். "முனி இங்க ஏது ஆன்டி? தண்ணி விடுறதுக்கு முன்னாடியே லோரியில ஏத்திட்டாங்களே. செலாயாங்ல, பிளாட்டுக்குப் பின்னால இருக்காரு."

அம்மா அதற்குள் கல்யாணமாகி வந்துவிட்டதால் யாரும் சொல்லவில்லை. நாற்பது வருடமாக இந்த மலைப்பக்கம் திரும்பித்தான் கும்பிடுகிறாள். செலாயாங் பாசாருக்கு மாதாமாதம் மீன் வாங்கப் போகிறோம்.

மார்ச் 17, ஞாயிறு

பேட்மிண்டன் கோர்ட்டுக்கும் குப்பைத் தொட்டிக்கும் நடுவில் முனி. மீசைக்குப் புது பெயிண்ட்.

புதுப் பூ கட்டி வைத்தாள் அம்மா. சிவப்பு வந்தா அவள மீறிப் போவேனா? தெரியலையே. பயமா இருந்துச்சு.

ஒன்றை எடுத்துப் பிரித்தாள். உடனே மூடினாள். "வெள்ளை" என்றாள்.

தனேஷ் விழுந்து கும்பிட்டார். நான் அம்மா கையைப் பார்த்தேன். விரலிடுக்கில் சிவப்பு இதழ் ஒட்டியிருந்தது.

நானும் தனேஷ் பக்கத்தில் விழுந்து கும்பிட்டேன்.

மார்ச் 24, ஞாயிறு

அம்மா தனியாக பஸ் ஏறி செலாயாங் போய்வந்தாள். முனிக்கு ஒரு கட்டு சுருட்டு, ஒரு பாட்டில் பிராந்தி. எதற்கு என்றேன்.

"கோவமா இருப்பாருல்ல. கல்யாணம் வரைக்கும் வாரா வாரம் போய்ப் பேசிக்கிறேன். நீ போய்ப் புடவையப் பாரு."