ஒடியாத ஷாஃப்ட்

பிப்ரவரி 9, 2025

ஞாயிற்றுக்கிழமை. ஆனாலும் பட்டறையைத் திறக்க வேண்டியதாயிற்று. மலைமேலிருக்கும் கரியாலூர் மாயவன் மறுபடியும் வந்து நின்றார், கையில் ஒடிந்த பம்பு ஷாஃப்ட்.

அவர் மிளகுக்கொடிக்கும் மரவள்ளிக்கும் ஓடைத் தண்ணீர்தான். மணலும் சேர்ந்து வருகிறது. முதலில் நான் போட்டுக் கொடுத்த இரும்பைத் துரு அரித்தது. அடுத்துப் போட்ட எவர்சில்வர் ரகம் துருப்பிடிக்கவில்லை, ஆனால் மெது. தேய்ந்து, வளைந்து, கடைசியில் ஒடிந்தும்விட்டது.

“ஏங்க, இந்த வாட்டி கோடை தாங்கறா மாதிரி பண்ணித் தாங்க. கொடி காஞ்சிட்டா அவ்ளோதான்” என்றார். சங்கராபுரமே என்னை லேத்துக்கார அக்கா என்கிறது. இவர் மட்டும் ‘ஏங்க’ என்கிறார்.

அவர் போனபிறகு அம்மா கேட்டாள்: “பொண்டாட்டி செத்துப்போயி தனியா கெடக்கற மனுஷன், பாவம்தான். அதுக்காக அவருக்கு மட்டும் காபில சக்கர ஜாஸ்தியா போடச் சொல்ற, இன்னாடி செல்வி?”

சர்க்கரை நான் வாங்கிப் போடுகிறேன், உனக்கென்ன என்றேன்.

பிப்ரவரி 16

கோயம்புத்தூரிலிருந்து ஷாஃப்டுக்கான கம்பி வந்துவிட்டது. பதினேழு-நாலு பி.எச். என்கிற எவர்சில்வர் ரகம். நூற்றுக்குப் பதினேழு பங்கு குரோமியம், நாலு பங்கு நிக்கல், கொஞ்சம் செம்பு. பம்புக்கும் வால்வுக்கும் ஆகும். விமானத்தில்கூட இதில் பாகம் உண்டு.

வரும்போது கடைவதற்கு இணங்கிக் கொடுக்கும். வேண்டிய அளவுக்குக் கடைந்துவிட்டு உலையில் நானூற்று எண்பது டிகிரியில் ஒரு மணி நேரம் வைத்தெடுக்க வேண்டும். தண்ணீரில் முக்கக் கூடாது, காற்றிலேயே ஆறலாம். உள்ளே செம்பு கண்ணுக்குத் தெரியாத பொடியாகப் பிரிந்து நின்று எஃகை இறுக்கிவிடுமாம். அளவும் மயிரிழைதான் சுருங்கும். எனக்கு இந்த ரகத்தைப் பிடித்துவிட்டது.

பிப்ரவரி 18

கடைந்து முடித்தேன். பளபளவென்று இருக்கிறது.

உலையில் வைக்காமல் கொடுத்தால்? பார்வைக்கு ஒன்றும் தெரியாது. சூடு காணாத இந்த ரகம் வேலையில் நம்பக்கூடியதல்ல, விரிசல் விடும். விரிசல் விட்டால் வருவார்.

சரியாகச் செய்தால் — வரமாட்டார். எதற்கு வரப்போகிறார்?

சீ. என்ன புத்தி இது, இந்த வயசில்.

பிப்ரவரி 20

சேலம் போய் உலையில் வைத்து வாங்கி வந்தேன். பஸ்ஸில் மடியை விட்டு இறக்கவில்லை. சூட்டில் பழுப்பேறியிருந்தது, தேய்த்து எடுத்தேன். சாயங்காலம் வந்து வாங்கிப் போய்விட்டார்.

மார்ச் 2

மாயவன் வந்தார். முகத்தில் சிரிப்பில்லை. பழைய ஸ்பீக்கரிலிருந்து கழற்றிய காந்தம் ஒன்றை மேசைமேல் வைத்தார்.

“ஷாஃப்ட்ல ஒட்டுதுங்க. எவர்சில்வர்ல ஒட்டாதுன்னு ஊர்ல சொல்றாங்க. மறுபடி இரும்பையே போட்டுட்டீங்களோன்னு...”

பாத்திரக்கடையில் எல்லாரும் செய்து பார்க்கிற சோதனைதான். இந்த ரகத்தில் காந்தம் ஒட்டும், ஒட்டினாலும் துருப்பிடிக்காது என்று பொறுமையாகச் சொல்லியிருக்கலாம். நான் எங்கே சொன்னேன்?

“காந்தத்த நம்பறவரு எங்கிட்ட இன்னாத்துக்கு வர்றீங்க? வேணாம்னா கழட்டிக்கினு வாங்க, எடுத்துக்கறேன்.”

காந்தத்தைக்கூட எடுக்காமல் போய்விட்டார்.

அவருக்காகச் சேலம் வரைக்கும் போனேன். அது அந்த மனுஷனுக்கு எப்படித் தெரியும்? நான் சொன்னாத்தானே. அழுகை அழுகையா வருது. வெக்கமாவும் இருக்கு.

மார்ச் 3

போன் செய்தேன். காந்தம் ஏன் ஒட்டுகிறது என்பதை மட்டும் சொன்னேன். “சரிங்க” என்றார். அவ்வளவுதான்.

ஏப்ரல் 21

இரும்புத் தூள் பொறுக்க அந்தக் காந்தத்தை லேத்தருகே வைத்திருக்கிறேன். நன்றாகத்தான் பொறுக்குகிறது.

மே 11

மலையிலிருந்து பஸ் வந்து நிற்கும்போதெல்லாம் அம்மா என் முகத்தைப் பார்க்கிறாள். கேட்டால், “நா பஸ்ஸத்தான் பாத்தேன்” என்கிறாள்.

ஜூன் 15

காலையிலிருந்து மழை. மாயவன் வந்தார், தோளில் ஒரு பலாப்பழம்.

“ஒடஞ்சிடுச்சா?” என்றேன். வேறு என்ன கேட்பது?

“இல்லீங்க. கோடை பூரா ஓடுச்சி. நேத்து கழட்டிப் பாத்தேன், ஒரு பொட்டு துரு இல்ல. கொடியெல்லாம் பச்சையா கீது.”

“பின்ன இன்னாத்துக்கு வந்தீங்க?”

பழத்தை இறக்கி வைத்தார். காந்தம் இருக்கும் இடத்தைப் பார்த்தார்.

“ஒடஞ்சா வரலாம்னு பாத்துக்கினே இருந்தேங்க. ஒடையறா மாதிரி தெரியல. அதான் வந்துட்டேன்.”

லேத்தை நிறுத்தினேன். என்ன பதில் சொன்னேன் என்று இப்போது நினைவில்லை. உலைக்காகச் சேலம் போனதைச் சொன்னேன் போலிருக்கிறது, மடியில் வைத்து வந்ததையும்.

அம்மா காபி கொண்டுவந்தாள். நான் சொல்லாமலே சர்க்கரை ஜாஸ்தி.

ஜூன் 22

பட்டறைக்கு லீவு. கரியாலூர் பஸ்ஸில் இருந்து எழுதுகிறேன், எழுத்து ஆடுகிறது. அம்மா ஜன்னலோரம் உட்கார்ந்திருக்கிறாள். பம்பு பார்க்கப் போகிறோம் என்று பக்கத்துக் கடையில் சொல்லியிருக்கிறாள், பட்டுப்புடவை கட்டிக்கொண்டு.